பிறர் கதையில் ஆறுதல்

அன்புள்ள ஐயா,

என் கணவர் இறந்து ஏழு மாதங்கள் ஆகின்றன. மாரடைப்பு. காலையில் பேசிக்கொண்டிருந்தவர் மாலையில் இல்லை. வந்தவர்கள் எல்லோரும் நல்ல மனதோடுதான் பேசினார்கள். "காலம் எல்லாவற்றையும் ஆற்றும்", "பிள்ளைகளுக்காகத் தைரியமாக இரு." எதுவும் உள்ளே இறங்கவில்லை.

போன மாதம், முன்பின் தெரியாத ஒரு பெண் தன் கணவரை இழந்ததைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்தேன். அவருடைய கைபேசி எண்ணுக்கு இன்னமும் பணம் கட்டிக்கொண்டிருக்கிறாராம். படித்துவிட்டு வெகுநேரம் அழுதேன். அன்றிரவு நன்றாகத் தூங்கினேன். அதிலிருந்து இப்படிப்பட்ட அனுபவங்களைத் தேடித் தேடிப் படிக்கிறேன். "ஏன் சோகத்திலேயே உழன்றுகொண்டிருக்கிறாய்?" என்று அக்கா கோபப்படுகிறாள். எனக்கும் உறுத்துகிறது. இன்னொருத்திக்கும் இப்படி நடந்திருக்கிறது என்பதில் ஆறுதல் கிடைக்கிறது என்றால் நான் எப்படிப்பட்டவள்? நானும் இதையெல்லாம் எழுதலாமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருந்தார்)

அன்புள்ள சகோதரிக்கு,

உறுத்தலை முதலில் பார்த்துவிடுவோம். அந்தப் பெண்ணின் இழப்பை இல்லாமல் செய்ய உங்களால் முடியும் என்றால் செய்வீர்களா, மாட்டீர்களா? யோசிக்காமல் செய்வீர்கள். அப்படியானால் அவருடைய துயரம் உங்களுக்கு இனிக்கவில்லை. உங்களுக்குள் ஏழு மாதமாக யாரிடமும் சொல்ல முடியாமல் கிடந்த ஒன்று வேறொருவருக்கும் தெரிந்திருக்கிறது. உங்களைத் தூங்க வைத்தது அதுதான். இதற்காக உங்களை நீங்கள் தண்டித்துக்கொள்ள வேண்டாம்.

1968இல் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் ஒரு மருத்துவமனையில், சில நாள் இடைவெளியில் இரண்டு சிறுவர்கள் இறந்துபோனார்கள். அங்கே பணியாற்றிய இளம் பாதிரியார் சைமன் ஸ்டீபன்ஸ் இரண்டு குடும்பங்களுக்கும் ஆறுதல் சொல்ல முயன்றார். துக்கத்தில் இருப்பவர்களோடு பேசுவது அவருடைய வேலையின் ஒரு பகுதி. ஆனால் அந்த இரண்டு பெற்றோரும் ஒருவரோடு ஒருவர் பேசத் தொடங்கியபோது, தன்னால் தர முடியாத எதையோ அவர்கள் ஒருவருக்கொருவர் தருவதைக் கவனித்தார். அதிலிருந்து 1969இல் பிறந்ததுதான் 'கம்பேஷனட் ஃப்ரெண்ட்ஸ்' என்ற அமைப்பு. பிள்ளையை இழந்த பெற்றோர், பிள்ளையை இழந்த இன்னொரு பெற்றோரோடு பேசுவார்கள். அவ்வளவுதான். இன்று பல நாடுகளில் அது இருக்கிறது. எனக்கு இதில் மிகவும் பிடித்தது அந்தப் பாதிரியார் செய்த காரியம். ஆறுதல் சொல்வதே தொழிலாக இருந்தவர், தன்னைவிட நன்றாக அதைச் செய்கிறவர்களைக் கண்டதும் விலகி வழிவிட்டார்.

உங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் சொன்னது ஏன் உள்ளே இறங்கவில்லை என்று பலமுறை யோசித்திருப்பீர்கள். எனக்குத் தோன்றுவது இது. ஆறுதல் சொல்கிறவர், நம் முகத்தில் ஏதாவது தெளிகிறதா என்று பார்த்துக்கொண்டே சொல்கிறார். கொஞ்சம் தேறிவிட்டதாக நாம் காட்ட வேண்டியிருக்கிறது. வந்தவரைத் தேற்றி அனுப்புவதே நம் வேலையாகிவிடுகிறது. எழுதப்பட்ட அனுபவம் நம் முகத்தைப் பார்ப்பதில்லை. பாதியில் நிறுத்தலாம், பத்து நாள் கழித்துத் திரும்பப் படிக்கலாம், அழலாம், அழாமலும் இருக்கலாம்.

அப்புறம், அந்தக் கைபேசி எண். அவர் "என் துயரத்தை வார்த்தைகளால் சொல்ல முடியாது" என்று மட்டும் எழுதியிருந்தால் நீங்கள் கடந்து போயிருப்பீர்கள். மாதாமாதம் பணம் கட்டுவதைச் சொன்னார். துக்கம் எப்போதும் இப்படிச் சின்னச் சின்ன விஷயங்களில்தான் குடியிருக்கிறது. அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாட்டை நினைத்துப் பாருங்கள். பெரிய வீரன், வள்ளல். ஆனால் அவர் நினைவுகூர்வது, கொஞ்சமாகக் கள் கிடைத்தால் அதைத் தங்களுக்கே கொடுத்துவிடுவானே என்பதை. புலால் நாறும் தன் தலையை, நரந்தம் மணக்கும் கையால் தடவிக் கொடுப்பானே என்பதை. அந்தக் கையின் மணத்தை அவர் சொல்லியிருக்காவிட்டால் இத்தனை நூற்றாண்டு தாண்டி அந்த இழப்பு நம்மைத் தொட்டிருக்காது.

உங்கள் அக்காவின் பயத்தையும் நான் தள்ளிவிட மாட்டேன். மார்கரெட் ஸ்ட்ரோப், ஹென்க் ஷுட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1999இல் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். துயரத்தில் இருப்பவர் ஒரு நேரம் இழப்பையே பார்த்துக்கொண்டிருக்கிறார், இன்னொரு நேரம் அதிலிருந்து திரும்பி, கட்ட வேண்டிய பணம், பிள்ளைகளின் படிப்பு, இதுவரை இறந்தவர் பார்த்துக்கொண்ட வேலைகள் என்று இருக்கிறார். இப்படி மாறி மாறிப் போய்வருவதுதான் இயல்பு என்றார்கள். ஒன்றிலேயே நின்றுவிட்டால்தான் சிக்கல். உங்கள் வாசிப்பு, இழப்பைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தைச் சேர்ந்தது. அதிலிருந்து திரும்பி இருக்கும் நேரமும் உங்கள் நாளில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். ஆறு மாதம் தாண்டியும் ஏக்கம் துளியும் குறையாமல், அன்றாட வேலையே ஓடாத நிலை சிலருக்கு வருவதுண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் அது இப்போது தனியாகவே இடம்பெற்றிருக்கிறது. அந்த நிலையில் கதைகள் போதாது, மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். உங்கள் கடிதத்தில் எனக்கு அப்படித் தெரியவில்லை. ஆனால் அதை என்னைவிட நீங்கள்தான் சரியாகச் சொல்ல முடியும்.

தேடிப் படிக்கும்போது ஒரு வகைக் கதையைத் தயங்காமல் மூடிவிடுங்கள். "இந்த இழப்பு என்னை வலிமையானவளாக்கியது" என்று முடிகிறவை. எழுதியவருக்கு அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் ஏழாவது மாதத்தில் இருப்பவருக்கு அது ஒரு தேர்வு வினாத்தாள் மாதிரி ஆகிவிடும். நான் ஏன் இன்னும் இப்படி இருக்கிறேன் என்ற புதுக் கவலையும் சேர்ந்துகொள்ளும்.

சரி, எழுதலாமா? எழுதுங்கள். 1986இல் அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர், சாண்ட்ரா பீல் என்பவரோடு சேர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டார். மாணவர்களைத் தினம் 15 நிமிடம், நான்கு நாள் தொடர்ந்து, தங்கள் வாழ்வின் கடுமையான அனுபவத்தைப் பற்றி எழுதச் சொன்னார்கள். எழுதி முடித்த கையோடு அவர்களின் மனநிலை மோசமானது. ஆனால் நடந்ததையும் அப்போது உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்து வந்த மாதங்களில் மருத்துவ உதவி தேடிப் போனது குறைந்திருந்தது. துணையை இழந்தவர்களிடம் பின்னர் நடந்த ஆய்வுகளில் அதே பலன் அவ்வளவு தெளிவாகக் கிடைக்கவில்லை. ஆகவே இதை மருந்தாக நினைத்து எழுத வேண்டாம். எழுதிய அன்று மனம் கனத்தால் பயப்படவும் வேண்டாம்.

முதலில் உங்களுக்காக மட்டும் எழுதுங்கள். நல்ல கணவர், நல்ல அப்பா என்பதையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அவர் சாவியை எங்கே வைத்துவிட்டுத் தேடுவார், எந்த விஷயத்தில் உங்களோடு சண்டை போடுவார் என்பதிலிருந்து தொடங்குங்கள். கோபம் இருந்தால் அதையும் எழுதுங்கள். சொல்லாமல் போய்விட்டாரே என்ற கோபம் வருவதுண்டு. அதைச் சொல்ல வெட்கப்படுகிறவர்கள் நிறையப் பேர். நீங்கள் எழுதினால் அவர்களில் யாரோ ஒருவருக்கு அது போய்ச் சேரும்.

வெளியிடுவதற்கு அவசரம் இல்லை. அதற்கு முன் உங்கள் பிள்ளைகளிடம் படித்துக் காட்டுங்கள், அவர் அவர்களுடைய அப்பாவும்தானே. எதையாவது எடுத்துவிடச் சொன்னால் எடுத்துவிடுங்கள். உங்களுக்குத் தெரியாத எதையாவது அவர்கள் சொல்லவும் கூடும். அப்போது பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள்.

அன்புடன்