செவ்வாழையில் பச்சைக் குலை வந்தது பரிணாமமா?

கன்யாகுமரி மாவட்டத்துத் தோட்டத்தில் ஒரு செவ்வாழை மட்டும் பச்சையாகக் குலை தள்ளியிருக்கிறதே, இது பரிணாமமா என்று கேட்டிருக்கிறீர்கள். அது பரிணாமத்தின் முதல் பாதி, அதாவது மாறுபாடு தோன்றுவது.

செவ்வாழையை நாம் செந்துளுவன் என்போமே, அதன் செல்லில் மரபுப் பண்புகளைச் சுமக்கும் குரோமோசோம்கள் மூன்று தொகுதியாக 33. இனப்பெருக்கச் செல்கள் உருவாகும் ஒடுக்கற்பிரிவில் (மியாசிஸ்) மூன்று தொகுதியும் ஒழுங்காக ஜோடி சேராது. ஆகவே விதை கிடையாது, கன்றுதான் கதி. கன்று வளர்வது மைட்டாசிஸ் என்ற சாதாரண செல் பிரிதல் மூலம், அதாவது நகலுக்கு நகல். எப்போதாவது நகலில் பிழை விழும். சிவப்பு நிறத்தைத் தரும் மரபணுவில், அதுவும் வளர்நுனிச் செல்லில் விழுந்தால் அதிலிருந்து வரும் தண்டு, இலைக்காம்பு, காய் எல்லாமே பச்சை.

மறு பாதி தேர்வு. சிவப்புதான் வேண்டுமென்று பச்சைக் கன்றை நீங்கள் வெட்டிப் போட்டால் அது செயற்கைத் தேர்வு. இயற்கைத் தேர்வுக்குத் தண்டைத் துளைக்கும் கூன்வண்டைப் பாருங்கள்: ஒரே மருந்தையே அடித்தால், தற்செயலாகவே தாக்குப்பிடிக்கும் தன்மையோடு பிறந்தவைதான் பிழைத்து முட்டையிடும். வண்டு மருந்துக்குப் 'பழகுவதில்லை'. 'பழகியவை பிழைக்கின்றன, பழகாதவை செத்துப்போகின்றன' என்பதும் சரியில்லை, பிறவியிலேயே வேறுபட்டவை மிஞ்சுகின்றன.