வரிக்கோழிக் கணக்கு: சேவலுக்கு இரண்டு, பெட்டைக்கு ஒன்று

கேள்வி: பாலக்கோடு பக்கம் எங்கள் தெருவில் மேயும் நாட்டுக்கோழிகளை எண்ணினோம். பெட்டை 60, அதில் 24-க்குக் கறுப்பு வெள்ளை வரி இறகு. சேவல் 20, அதில் 12-க்கு வரி. வரிக்கான அல்லீலின், அதாவது வரி தரும் மரபணு வடிவத்தின், அளவை எப்படிக் கணக்கிடுவது?

பதில்: மாட்டுக்கும் மனிதருக்கும் படித்ததைக் கோழிக்குத் தலைகீழாகப் போடுங்கள். பாலைத் தீர்மானிக்கும் குரோமோசோம்களில் சேவலுக்கு இரண்டு இசட். பெட்டைக்கு ஒரு இசட், ஒரு டபிள்யூ. பிளைமவுத் ராக் இனத்தில் காணும் இந்த வரிக்கான மரபணு இசட்டில் மட்டுமே இருக்கிறது. ஆகவே கோழிகளை விட்டுவிட்டு இசட்டுகளை எண்ணுங்கள்: 60 + (20 × 2) = 100.

பெட்டையிடம் ஒரே பிரதிதான் என்பதால் எதுவும் மறைந்திருக்க வழியில்லை. 24/60 = 0.40, அவ்வளவுதான். பலர் இங்கே பழக்கதோஷத்தில் வரியில்லாத 36/60-க்கு, இரண்டு பிரதி உள்ளவற்றுக்குச் செய்வதுபோல, வர்க்கமூலம் எடுத்து வரியில்லா அல்லீல் 0.77 என்பார்கள், சரியானது 0.60.

சேவலில்தான் வேலை இருக்கிறது. வரி ஆதிக்கப் பண்பு, ஒரு பிரதி போதும். ஆனால் இரண்டு பிரதி இருந்தால் வெள்ளைப் பட்டை அகன்று உடல் வெளிறித் தெரியும். வெளிச்சத்தில் அருகருகே நிறுத்திப் பிரியுங்கள். வெளிறியவை 2, அடர்ந்தவை 10 என்று வைத்துக்கொண்டால், (2×2 + 10)/40 = 0.35. மொத்தக் கூட்டத்துக்கு (24 + 14)/100 = 0.38.

பிரிக்கவே முடியாவிட்டால் வரியில்லாத 8/20-க்கு வர்க்கமூலம் எடுக்கலாம்: 0.63, எனவே வரி 0.37. தங்குதடையற்ற கலப்பும் இரு பாலிலும் ஒரே அளவும் இருந்தால்தான் இது செல்லும். எண்ணிப் பெறுவதே மேல்.

100 இசட்டில் பிழை வரம்பு ஏறத்தாழ ±0.10. அதனால் 0.40-க்கும் 0.35-க்கும் உள்ள இடைவெளியை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். வித்தியாசம் உண்மையாகவே இருந்தாலும் அடுத்த தலைமுறைப் பெட்டைகள் தகப்பன் அளவான 0.35-ஐ எடுக்கும், சேவல்கள் இரண்டின் சராசரியான 0.375-ஐ எடுக்கும், இடைவெளி பாதியாகித் திசை மாறும்.

முழு வெள்ளைக் கோழிகளைச் சேர்க்காதீர்கள், வரி அடியில் ஒளிந்திருக்கலாம். எகிப்திய இனமான ஃபயோமியின் ரத்தம் கலந்தவற்றையும் தள்ளுங்கள். அதன் வரி பால் குரோமோசோமைச் சேர்ந்ததல்ல. போச்சம்பள்ளிச் சந்தைக்கு வரிச் சேவல்களைப் பார்த்துப் பார்த்து விற்றிருந்தால், மிஞ்சியதை எண்ணி வரும் 0.35 குறைவாகவே இருக்கும்.

சந்தேகமிருந்தால் வரியில்லாத சேவலை வரிப் பெட்டையோடு தனியே அடையுங்கள். முதல் இரண்டு மூன்று வார முட்டைகளை ஒதுக்குங்கள், பழைய சேவலின் விந்து பெட்டையின் உடலில் தங்கியிருக்கும். அதன்பின் பொரிப்பதில் சேவல் குஞ்செல்லாம் வரி, பெட்டைக் குஞ்சு ஒன்றுக்கும் வரி கூடாது. வந்தால், நீங்கள் எண்ணியது இந்த அல்லீலே அல்ல.