கறுப்பு கிரானைட் அடுப்பு மேடையில் மெல்லிய கீறல்கள்: பாலிஷ் போட ஆள் கூப்பிட வேண்டுமா, நாமே சரிசெய்யலாமா?

குளச்சல் பக்கம் வீடு, கறுப்பு கிரானைட் மேடை, டியூப்லைட் போட்டால் மயிரிழைக் கோடுகள் தெரிகின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். ஆளைக் கூப்பிடும் முன் அவை கீறல்கள்தானா என்று பாருங்கள்.

கிரானைட்டில் உள்ள கனிமங்களில் குவார்ட்ஸின் கடினம் மோஸ் அளவில் (கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் அளவு) 7, ஃபெல்ட்ஸ்பாருடையது 6. எவர்சில்வர், அலுமினியப் பாத்திரங்கள் அதைவிட மென்மை. அவற்றை மேடையில் இழுத்தால் தேய்வது கல் அல்ல, பாத்திரம்தான். அந்த உலோகம் சாம்பல் நிறக் கோடாகக் கல்லில் ஒட்டிக்கொள்ளும். கோட்டுக்குக் குறுக்கே விரல் நகத்தை இழுத்துப் பாருங்கள். நகம் தடுக்காமல், கோடு வெள்ளி நிறத்தில் மினுங்கினால் அது உலோகக் கறை. சமையல் சோடா 3 ஸ்பூன், தண்ணீர் 1 ஸ்பூன் குழைத்து, மெல்லிய பருத்தித் துணியால் இரண்டு மூன்று நிமிடம் தேய்த்தால் போய்விடும். ஸ்டீல் நார் வேண்டாம், அது புதுக் கோடு போடும்.

சோடாவுக்குப் போகாத கோட்டின் மேல் கொஞ்சம் தண்ணீர் தடவுங்கள். ஈரத்தில் மறைந்து, காய்ந்ததும் திரும்பி வந்தால் அது மேலோட்டமான கீறல், பாலிஷில் போகும். ஈரத்திலும் தெரிந்து, நகமும் மாட்டினால் ஆழமானது.

கல்லைக் கீற அதைவிடக் கடினமான பொருள் வேண்டும். நம் குமரி மாவட்டத்தில் அது வாசலிலேயே கிடக்கிறது. மணவாளக்குறிச்சி கடற்கரையில் இல்மனைட் என்ற கறுப்புக் கனிம மணலோடு கலந்து கிடக்கும் கார்னெட், சிர்கான் மணலின் கடினம் 7-ஐத் தாண்டும். கார்னெட்டைத் தொழிற்சாலைகளில் உப்புத்தாளுக்கே பயன்படுத்துகிறார்கள். சிப்பியையும் மீனையும் பையோடு மேடையில் கொட்டினால், கூடவே வந்த மணலை அடுத்துத் துடைக்கும் துணி கல் முழுக்க இழுத்துவிடும். மீன்குழம்பு வைக்கும் மண்சட்டியின் அடி, ஊறுகாய்ப் பரணியின் மெருகு பூசாத அடிவளையம், மேடையில் நகர்த்திய அம்மி ஆகியவையும் கீறும். பரணியின் அடியில் ஒரு துணி போதும். மீனையும் சிப்பியையும் நேரே சிங்க்கில் கொட்டி அலசிவிட்டு மேடைக்குக் கொண்டுவாருங்கள். துடைக்கும்போதும் முதலில் ஈரத்துணியால் ஒற்றி மணலை எடுத்துவிட்டு, பிறகு தேய்க்க வேண்டும்.

கறுப்பில் மட்டும் ஏன் இவ்வளவு தெரிகிறது? கறுப்பு கிரானைட் என்று விற்பவற்றில் பல உண்மையில் டோலரைட், காப்ரோ வகைக் கற்கள். குவார்ட்ஸ் குறைவு என்பதால் கொஞ்சம் மென்மை, கோடும் வெளுப்பாகத் தெரியும். இன்னொரு சிக்கல், சாயம் ஏற்றிய கல். வெள்ளைத் துணியில் அசிட்டோன் நனைத்து, அடுப்பு மறைக்கும் ஒரு மூலையில் அழுத்தித் தேயுங்கள் (அடுப்பு அணைந்திருக்கட்டும், அசிட்டோன் சட்டெனத் தீப்பிடிக்கும்). துணியில் கறுப்பு வந்தால் அந்தக் கல்லில் பாலிஷ் வேலையே வேண்டாம். தேய்த்த இடம் சாம்பல் திட்டாக நிற்கும், கீறலைவிட அது அசிங்கம்.

சாயம் இல்லையென்றால், மேலோட்டக் கீறலுக்கு டின் ஆக்சைடு பாலிஷ் பவுடர் வாங்குங்கள். ஒரு ஸ்பூன் பவுடரைத் தோசை மாவுப் பதத்தில் கரைத்து, ட்ரில்லில் மாட்டிய ஃபெல்ட் பேடால் (அழுத்திய கம்பளி வட்டு) குறைந்த வேகத்தில் ஓட்ட வேண்டும். வெறும் கையால் செய்தால் கை வலிதான் மிச்சம். மொசைக் தரைக்குப் போடும் ஆக்சாலிக் அமிலப் பவுடரைக் கொடுத்தால் வாங்காதீர்கள். அது சுண்ணாம்புச் சத்துள்ள கல்லோடு வினைபுரிந்து மெருகு தருவது. கிரானைட்டில் அந்தச் சத்து இல்லை, வேலை நடக்காது.

பவுடரிலும் போகாவிட்டால் 4 அங்குல டயமண்ட் பேட், அதாவது வைரத்தூள் பதித்த தேய்ப்பு வட்டு. 50, 100, 200, 400, 800, 1500, 3000 என்று வரிசையாக வரும், நம்பர் கூடக் கூடச் சொரசொரப்பு குறையும். மெல்லிய கீறலுக்கு 1500-ல் தொடங்குங்கள். கீறல் அசையவில்லையென்றால் மட்டும் 800-க்கு இறங்கி, மறுபடி 1500, 3000, கடைசியில் மெருகேற்றும் கறுப்பு பஃப் பேட். நடுவில் ஒரு நம்பரைத் தாண்டினால் முந்தைய பேட் போட்ட கோடு அப்படியே நிற்கும். ஒவ்வொரு நம்பருக்கும் பிறகு தேய்த்ததில் வந்த கல் சேற்றைக் கழுவி, உலரத் துடைத்துப் பார்த்துவிட்டே அடுத்ததற்குப் போக வேண்டும், சேறு கீறலை மறைக்கும். கீறல் இருக்கும் இடத்தில் மட்டும் அழுத்தினால் குழி விழும், டியூப்லைட்டின் பிம்பம் அங்கே வளைந்து காட்டிக்கொடுக்கும். சுற்றிலும் ஒரு அடி பரவலாக ஓட்டுங்கள்.

வேகம் குறைக்க முடியாத ஆங்கிள் கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்று வரை ஓடும். பேட் கருகி, கல்லும் வெந்து மங்கும். வேகக் கட்டுப்பாடு உள்ள ஈரப் பாலிஷ் மெஷின்தான் வேண்டும், 2,000 முதல் 3,000 சுற்று போதும். இணைப்பு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) வழியாக வரட்டும். உலர்வாக அரைக்க விடவே கூடாது. அந்தத் தூசியில் இருக்கும் சிலிக்கா நுரையீரலைக் கெடுக்கும்.

தேங்காய் எண்ணெய் தடவினால் கீறல் மறைகிறது என்பார்கள். ஓரிரு நாள் மறையும், பிறகு தூசி ஒட்டிப் பிசுபிசுக்கும். மெழுகும் அடுப்புச் சூட்டில் மங்கிவிடும்.

கல்லின் நுண்துளைகளை அடைக்கும் சீலர் கறையைத் தடுக்கும், கீறலைத் தடுக்காது. பாலிஷ் முடிந்ததும் சில சொட்டுத் தண்ணீர் விட்டு 15 நிமிடம் பாருங்கள். கல் நிறம் கறுத்தால் மட்டும் சீலர் தேவை. சீலர் போடும் முன் கல் முழுக்க உலர ஒரு நாள் விடுங்கள். ஜூனிலும் அக்டோபரிலும் இங்கே மழை பிடித்துக்கொண்டால் இரண்டு நாள்.

நகம் மாட்டும் ஆழமான கீறல் என்றால் ஆளையே கூப்பிடுங்கள். எந்த நம்பரில் தொடங்குவீர்கள் என்று முதலில் கேளுங்கள். கீறலைப் பார்க்காமலேயே 50 என்று சொல்பவருக்கு வேலை கொடுக்காதீர்கள்.