சுத்துமாத்துக்காரர் மூவரும் ஆச்சியின் நாலு பரப்புத் தோட்டமும்: கேள்வி பதில்

எங்கள் ஊர் வாசிகசாலைப் பொடியள் ஒரு நகைச்சுவைப் படம் எடுக்கப் போகிறார்கள். கதை இவ்வளவுதான். மூன்று சுத்துமாத்துக்காரர், அதாவது ஏமாற்றுக்காரர், யாழ்ப்பாணத்தில் கோப்பாய்ப் பக்கம் ஒரு கிராமத்துக்கு வருகிறார்கள். தனியே இருக்கும் ஒரு ஆச்சியின் வெங்காயத் தோட்டத்தை, ஆச்சிக்கே தெரியாமல், கனடாவிலிருந்து லீவில் வந்த ஒருவரின் தலையில் கட்ட வேண்டும். ஆனால் கடைசியில் மூவரும் அதே தோட்டத்தில் புல்லுப் பிடுங்குகிறார்கள். நான் ஒரு நொத்தாரிசின் கந்தோரில் 31 வருடம் உறுதி, அதாவது காணிப் பத்திரம், எழுதிக் கொடுத்தவன், கோயில் திருவிழா நாடகங்களில் வில்லன் வேடமும் கட்டியவன். அதனால் சந்தேகங்களை என்னிடம் அனுப்பினார்கள்.

படத்துக்கு ‘சின்னப் பண்ணை’ என்று பெயர் வைக்கலாமா மாமா? (இயக்கப் போகிற தம்பி)

வைத்தால் யாழ்ப்பாணத்தான் பண்ணைப் பாலத்தையும் கடற்காற்றையும்தான் நினைப்பான். எங்களிடம் இருப்பது தோட்டம். ஆச்சிக்கு நாலு பரப்புக் கொடுங்கள். 16 பரப்பு ஒரு ஏக்கர், ஆகவே கால் ஏக்கர், 40 பேர்ச்சஸ். இது தோட்டக் காணிக்குரிய வரகுக் கணக்கு. வயலுக்கு நெல்லுக் கணக்கு, அதில் 12 பரப்புக்கே ஒரு ஏக்கர் வந்துவிடும். உங்கள் கள்ளன் இரண்டையும் குழப்பி, நாலு பரப்பு என்றால் 53 பேர்ச்சஸ் என்று கனடாக்காரருக்குக் கணக்குக் காட்டட்டும். ஆகாயத்தில் கிடக்கும் அந்த 13 பேர்ச்சஸைத் தேடி அவர் அளவுநாடாவோடு பக்கத்து வளவுக்குள் போகும்போது நாய் துரத்தட்டும்.

வாயால் விலை பேசி முற்பணத்தோடு ஓடினால் போதாதா? எதற்கு உறுதி? (சட்டம் படிக்கும் பிள்ளை)

ஓடலாம் பிள்ளை, ஆனால் படம் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புச் சட்டத்தின்படி, காணி விற்பனை எழுத்தில் இருக்க வேண்டும். நொத்தாரிசுக்கும் இரண்டு சாட்சிகளுக்கும் முன்னால் கையெழுத்தாக வேண்டும். விற்பவரை நொத்தாரிசுக்குத் தெரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் சாட்சிகளுக்காவது தெரிந்திருக்க வேண்டும். மூன்று கள்ளருக்கு இது அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி: இரண்டு பேர் சாட்சி, ஒருவன் சீலை உடுத்து ஆச்சி.

இங்கே ஒரு முடிச்சும் போடலாம். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட, மணமான பெண் தன் காணியை விற்பதற்குக் கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும் என்பது 1911ஆம் ஆண்டுச் சட்டம். ஆச்சி மாதிரி விதவைக்கு அது தேவையில்லை. சீலைக்குள் இருப்பவன் பழக்கதோஷத்தில் நெற்றியில் பெரிய குங்குமம் வைத்துவிட்டான் என்று வையுங்கள். “அப்ப அவரையும் கூட்டிக்கொண்டு வாங்கோ அம்மா” என்பார் நொத்தாரிசு. நாலாவது ஆளுக்கு எங்கே போவது?

கள்ள அற்றோணித் தத்துவத்தைப் பாவித்தால் இன்னும் நம்பும்படி இருக்காதா? (திரைக்கதை எழுதும் தங்கச்சி)

இருக்கும். அற்றோணித் தத்துவம் என்றால் தனக்காக இன்னொருவர் கையெழுத்து வைக்க எழுதிக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம். வெளிநாட்டில் இருப்பவர்களின் காணிக்கு நிஜத்திலும் அந்த ஆபத்து உண்டு. எங்கள் கந்தோருக்கே ஒருமுறை ஒருவர் தத்துவத்தோடு வந்தார். நல்ல முத்திரை, நல்ல கையெழுத்து. ஆனால் எழுதிக் கொடுத்தவர் இறந்து எட்டு மாதம். கொடுத்தவர் கண்ணை மூடினால் தத்துவமும் செத்துவிடும் என்பது வந்தவருக்குத் தெரியாது. அந்த மனுசனின் அந்தியேட்டிச் சடங்குச் சாப்பாட்டுக்கு நான் போனவன் என்பதும் தெரியாது. நான் ஒன்றும் பேசாமல், “ஐயா எப்படிச் சுகம்?” என்று கேட்டேன். “நேற்றும் போனில் கதைச்சவர்” என்றார். தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த நொத்தாரிசுக்குப் புரையேறிவிட்டது. இதை எடுத்துக்கொள்ளுங்கள், காசு வேண்டாம்.

ஒரே காணியை இரண்டு பேருக்கு விற்றால்? (சுன்னாகத்தில் கடை வைத்திருக்கும் அண்ணை)

உண்மையான சொந்தக்காரரே அப்படிச் செய்தால், யார் முதலில் காணிப் பதிவகத்தில் பதிகிறார் என்பது பெரிய விசயம் அண்ணை. பின்னால் வாங்கியவர் விலை கொடுத்து, கள்ளத்தில் பங்கில்லாமல் வாங்கி, முந்திப் பதிந்தால் அவருடைய உறுதி முன்னுக்கு நிற்கலாம். உறுதியைப் பெட்டிக்குள் வைத்துச் சாம்பிராணி காட்டியவர் பின்னுக்குப் போய்விடுவார். ஆனால் கள்ள உறுதியைப் பதிந்து நல்ல உறுதியாக்க முடியாது. படத்துக்கு வேண்டியது, வாங்கிய இருவரும் ஒரே காலையில் சைக்கிளில் பதிவகத்துக்கு ஓடுகிற காட்சி. வழியில் ஒருவருக்குக் காற்றுப் போகட்டும்.

கள்ளர் ஏன் தோட்டத்தில் மாட்டுப்பட்டு வேலை செய்ய வேண்டும்? அந்த இடம் எங்களுக்கு ஓடவில்லை. (மீண்டும் இயக்குநர் தம்பி)

நீங்கள் கிணற்றை மறந்துவிட்டீர்கள். எங்கள் உறுதிகளில் காணிக்குப் பிறகு ஒரு வரி வரும், “பங்குக் கிணறும் வழி வாய்க்காலும்” என்று. முழுக் கதையும் அந்த வரிக்குள்தான் கிடக்கிறது.

கனடாக்காரர் கையெழுத்து வைக்க முன் ஒரு நிபந்தனை போடட்டும்: “ஒரு போகம் செய்து காட்டுங்கோ, விளைச்சலைப் பார்த்துக் காசு தாறன்.” ஆச்சியிடம் தோட்டத்தைக் குத்தகைக்குக் கேட்கிறார்கள், ஆச்சியும் சந்தோசமாகக் கொடுக்கிறார். கிணற்றில் ஆச்சிக்கு எட்டில் ஒரு பங்குதான். தண்ணீர் முறை வைத்துத்தான் இறைக்கலாம், அவருடைய முறை வருவது விடியப்புறம் இரண்டு மணிக்கு. அந்த நேரத்தில் மண்ணெண்ணெய் மிசினைத் தூக்கிக்கொண்டு போய், கயிறு இழுத்து, பத்துத்தரம் இழுத்தும் வேலை செய்யாமல், வாய்க்கால் உடைத்து, பாத்தி மாறி அடுத்தவனின் போயிலைக்குத் தண்ணீர் கட்டி, அவனிடம் பேச்சு வாங்கி வரட்டும். செம்மண் சேற்றில் காற்சட்டை நிறம் மாறும், அடுத்த காட்சியில் சாரத்தோடு நிற்பார்கள். அவர்களுக்கு நல்ல புத்தி சொல்ல ஒரு வாத்தியார் பாத்திரம் வைத்திருக்கிறீர்களே, அவரை வெட்டிவிடுங்கள். ஊரே அவர்களை முறைக்காரராக ஏற்று, “இண்டைக்கு உங்கட முறையெல்லே, படுக்கிறியள்?” என்று படலையைத் தட்டி எழுப்பினால் போதும்.

ஒரு போகம் என்றால் எத்தனை நாள்?

சின்ன வெங்காயத்துக்கு ஏறக்குறைய இரண்டு, இரண்டரை மாதம். கார்த்திகை மழைக்குள் கமராவைக் கொண்டு போகாதீர்கள்.

வேலிச் சண்டை வைக்கலாமா?

கட்டாயம். இரவில் கதியாலை, அதாவது வேலித் தடியை, ஒரு முழம் தள்ளி நடுவது எங்கள் பழைய விளையாட்டு. சொந்தக்காரருக்கு எதிராக, அவரை ஏற்றுக்கொள்ளாமல், இடையறாது 10 வருடம் ஆண்டால் ஆட்சியுரிமை கோரலாம் என்பது 1871ஆம் ஆண்டுச் சட்டம். குத்தகைக்கு இருப்பவன் அப்படிக் கோர முடியாது. இது தெரியாமல் மூவரில் ஒருவன் சுவரில் கோடு கீறி நாள் எண்ணட்டும்.

ஆச்சியை வெகுளியாகக் காட்டலாமா? (நடிக்கப் போகிற பிள்ளை)

வேண்டாம் பிள்ளை. ஏமாறுவது அரை விலைக்குக் காணி தேடுகிற கனடாக்காரராக இருக்கட்டும். ஆச்சிக்கு முதல் நாளே எல்லாம் விளங்கிவிட்டது. கூலிக்கு ஆள் கிடைக்காத ஊரில், சம்பளமில்லாமல் மூன்று பேர் வந்தால் யார் விடுவார்? “தம்பிமார் நல்ல பிள்ளையள்” என்று வெற்றிலை போட்டுக்கொண்டு திண்ணையில் இருந்தால் போதும். கண்ணடிக்கவும் வேண்டாம்.

பேச்சு எப்படி இருக்க வேண்டும்?

சென்னைப் படத் தமிழில் ஆச்சி பேசினால் நான் எழும்பிப் போய்விடுவேன்.

முடிவில் பொலிஸ் வர வேண்டுமா?

எதற்கு? வெங்காயம் நன்றாக விளையட்டும். மூவரும் நூறு கிலோவைக் கட்டிச் சந்தைக்குக் கொண்டு போகட்டும். தராசில் நூறு சரியாக நிற்கும். வியாபாரி துண்டில் தொண்ணூறு என்று எழுதுவார். “மிச்சம் பத்து?” என்று தலைவன் கேட்பான். “கழிவு” என்பார் அவர், தலை நிமிராமல். ஊரெல்லாம் பேய்க்காட்டித் திரிந்தவன் அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். பின்னால் வரிசையில் நிற்கும் தோட்டக்காரர், “தம்பி, கொஞ்சம் தள்ளும், எங்கட மூட்டையும் இறக்க வேணும்” என்கிறார்.