1921 டாலரும் செம்பு நிற 1943 சென்ட்டும்

கேள்வி: டல்லாஸ் பக்கம் ஓர் எஸ்டேட் சேலில் (வீட்டுச் சாமான்களை மொத்தமாக விற்கும் விற்பனை) தகர டப்பா ஒன்றில் பழைய நாணயங்கள் வாங்கினேன். 1921 வெள்ளி டாலர் ஒன்று, கென்னடி படம் போட்ட அரை டாலர்கள் சில, செம்பு நிறத்தில் ஒரு 1943 சென்ட். எல்லாம் கறுத்துக் கிடக்கின்றன. விபூதி போட்டுத் தேய்த்துவிட்டுக் கடைக்குக் கொண்டுபோகலாமா? என்ன விலை கேட்கலாம்?

பதில்: விபூதி, புளி, பேஸ்ட் எதுவும் வேண்டாம். வெள்ளிக் குத்துவிளக்குக்குச் சரி, நாணயத்துக்கு ஆகாது. தேய்த்தால் விழும் மெல்லிய கீறல்களை வியாபாரி லென்ஸ் வைத்த உடனே பார்த்துவிடுவார். அரிய நாணயமாக இருந்தால் பாதி விலை கூடப் போய்விடலாம். கறுப்பு அப்படியே இருக்கட்டும். விளிம்பைப் பிடித்து எடுங்கள்.

அந்த 1921 டாலரில் படம் எது என்று பாருங்கள். அந்த ஒரே வருடத்தில் இரண்டு வகை டாலர்கள் அடித்தார்கள். பெண்ணின் தலையில் தொப்பி, பின்புறம் சிறகு விரித்த கழுகு, அதைச் சுற்றி இலை வளையம் இருந்தால் அது மார்கன் டாலர். தலையில் கதிர்க் கிரீடம், பின்புறம் பாறைமேல் உட்கார்ந்த கழுகு என்றால் பீஸ் டாலர். 1921 மார்கன் மூன்று நாணயச்சாலைகளிலும் சேர்த்து 8 கோடிக்கு மேல் அடிக்கப்பட்டது. தேய்ந்திருந்தால் அதற்கு வெள்ளி விலையும் அதற்கு மேல் கொஞ்சமும்தான். பீஸ் டாலர் அந்த வருடம் சுமார் 10 லட்சம்தான். வெள்ளி மதிப்பைத் தாண்டித் தாராளமாகக் கேட்கலாம்.

வயதை வைத்து விலை வருவதில்லை. எங்கே அடித்தது, எத்தனை அடித்தது, எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதுதான் கணக்கு. 1889 மார்கனையே எடுத்துக்கொள்ளுங்கள். பின்புறம், இலை வளையத்துக்குக் கீழே எழுத்து எதுவும் இல்லையென்றால் பிலடெல்பியாவில் அடித்தது. 2 கோடிக்கு மேல் உண்டு. அதே இடத்தில் 'சிசி' என்ற இரண்டு எழுத்து இருந்தால் கார்சன் சிட்டி, வெறும் 3,50,000. நன்றாகத் தேய்ந்துபோனதற்குக்கூடப் பல நூறு டாலர் கிடைக்கும். இந்தச் சின்ன எழுத்தைத்தான் மிண்ட் மார்க் என்கிறார்கள். எழுத்தை ஒட்டவைத்து ஏமாற்றுபவர்களும் இருக்கிறார்கள்.

மார்கன், பீஸ் இரண்டுமே 26.73 கிராம், 90 சதவீதம் வெள்ளி. அதாவது சுத்த வெள்ளி சுமார் 24 கிராம். அன்றைய வெள்ளி விலையால் பெருக்கிக்கொண்டால் அடிமட்ட விலை கையில் இருக்கும். கிராம் கணக்குத் தராசில் கட்டாயம் நிறுத்துப் பாருங்கள். போலிகள் நிறைய உலவுகின்றன, காந்தத்தில் ஒட்டாத போலிகளும் உண்டு.

கென்னடி அரை டாலர்களை வருடப்படி பிரியுங்கள். 1964 என்றால் 90 சதவீதம் வெள்ளி. 1965 முதல் 1970 வரை 40 சதவீதம். பலர் கவனிக்காமல் செலவழித்துவிடுவது இதைத்தான். 1971-லிருந்து புழக்கத்துக்கு வந்தவற்றில் வெள்ளியே இல்லை, விளிம்பில் செம்புக் கோடு தெரியும்.

அப்புறம் அந்த 1943 சென்ட். யூடியூப்பில் லட்சக்கணக்கில் விலை சொல்லும் வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். போருக்குச் செம்பு தேவைப்பட்டதால் அந்த வருடம் துத்தநாகம் பூசிய எஃகில் சென்ட் அடித்தார்கள். தவறிப்போய்ச் செம்பில் விழுந்தவை மிகச் சில. அவற்றுக்குத்தான் அந்த விலை. உங்களுடையதைக் காந்தத்தில் வையுங்கள். ஒட்டினால், எஃகுக்குச் செம்பு முலாம் போட்டிருக்கிறார்கள், விஷயம் முடிந்தது. ஒட்டவில்லையென்றாலும் துள்ள வேண்டாம்: 1948-இல் உள்ள 8-ஐச் சுரண்டி 3 ஆக்குவது பழைய தந்திரம். அசல் 1943-இல் 3-இன் வால் மற்ற எண்களைவிடக் கீழே இறங்கியிருக்கும். எடையும் 3.11 கிராம் அருகில் இருக்க வேண்டும். இரண்டும் பொருந்தினால் மட்டும், நாணயங்களைச் சோதித்துத் தரச்சான்று தரும் நிறுவனங்களான பிசிஜிஎஸ் அல்லது என்ஜிசிக்கு அனுப்புங்கள். பொருந்தாத சென்ட்டை அனுப்பினால் தரச்சான்றுக் கட்டணமே நாணயத்தின் விலையை விழுங்கிவிடும்.

விலை பார்க்க இபேயில் போனால், விற்பவர் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள்; உண்மையில் விற்று முடிந்தவை மட்டும் தெரியும்படி வடிகட்டிப் பாருங்கள். கடைக்காரர் அதைவிடக் குறைத்துத்தான் கேட்பார், அவருக்கும் லாபம் வேண்டுமே. இரண்டு மூன்று கடைகளில் கேட்டுவிட்டு, வெள்ளி மதிப்புக்கு ரொம்பக் கீழே போகிறவரிடம் கொடுக்காமல் வந்துவிடுங்கள்.