மே மாதம் ஊட்டி போகிறீர்களா? வானிலைக் கணிப்பை இப்படிப் பாருங்கள்

கேள்வி: மே இரண்டாம் வாரத்தில் கரூரிலிருந்து காரில் ஊட்டி, குன்னூருக்குப் போகிறோம். முதல் நாள் மேட்டுப்பாளையத்தில் தங்கல், அப்புறம் மலையில் மூன்று நாள். அம்மாவுக்கு 70 வயது, பையனுக்கு 6. இந்தக் கோடை இயல்பைவிட வெப்பமாக இருக்கும் என்று செய்தியில் சொல்கிறார்கள். போன் ஆப்பைத் திறந்தால் ஏழு நாளும் இடிமழைப் படம். எதை நம்புவது? மே கடைசிக்குத் தள்ளிவிடலாமா?

பதில்: தள்ள வேண்டாம். முடிந்தால் ஒரு வாரம் முன்னால் இழுங்கள். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

செய்தியில் கேட்டது பருவக் கணிப்பு. ஏப்ரல் முதல் ஜூன் வரை மூன்று மாதத்தையும் சேர்த்து, சராசரியைவிட வெப்பம் கூட வாய்ப்பு அதிகமா குறைவா என்று இந்திய வானிலை ஆய்வுத் துறை சொல்வது. விவசாயிக்கும் மின்வாரியத்துக்கும் உதவும். நீங்கள் போகிற நாளில் ஊட்டி பக்கத்துத் தொட்டபெட்டா சிகரத்தில் வெயிலா மழையா என்று அதில் தேடினால் கிடைக்காது.

வெப்பக் கணக்கை நீங்களே போடலாம். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6.5 டிகிரி குறையும். மேட்டுப்பாளையம் 325 மீட்டர், குன்னூர் 1850, ஊட்டி 2240. அடிவாரத்தில் 37 என்றால் குன்னூரில் 27, ஊட்டியில் 24, 25. வெப்ப அலைக்கான வரம்பும் சமவெளிக்கு 40, மலைக்கு 30 என்று தனித்தனி. 2024 ஏப்ரல் கடைசியில் ஊட்டி 29 டிகிரியைத் தொட்டது, பெரிய செய்தியானது. மின்விசிறியே இல்லாத விடுதி அறைகளில் அன்று தங்கியவர்களுக்குத் தெரியும். ஆனாலும் அம்மாவுக்கு உண்மையான சிரமம் மலையில் இல்லை, மேட்டுப்பாளையத்தில் கழிக்கப்போகும் அந்தக் கத்திரி வெயில் மதியத்தில். அந்தத் தங்கலை விட்டுவிட்டு, விடியற்காலையில் கிளம்பி வெயில் ஏறுவதற்குள் மலை ஏறிவிடுங்கள்.

இனி அந்த இடிமழைப் படம். ஆப் பொய் சொல்லவில்லை, பாதிதான் சொல்கிறது. கோடையில் மலைக்கு ஒரு அன்றாடக் கணக்கு உண்டு. காலை வெயில் சரிவுகளைச் சூடாக்கும். சூடான காற்று பள்ளத்தாக்கிலிருந்து சரிவோடு மேலேறும். ஈரம் இருந்தால் பதினொன்று, பன்னிரண்டு மணிக்கு முகட்டில் பஞ்சுப்பொதி போல மேகம் உட்காரும். இரண்டு மணிக்குமேல் இடி, ஆறு ஏழு மணிக்குள் பெரும்பாலும் ஓய்ந்துவிடும். ஒரு மணி நேர மழைக்கும் ஆப் நாள் முழுக்கப் படம் போடும். பல கிலோமீட்டர் சதுரத்துக்கு ஒரே கணக்குப் போடுவதால் மேட்டையும் பள்ளத்தையும் சேர்த்துக் குழப்பவும் செய்யும்.

குன்னூர் டால்பின் நோஸ் பாறையில் நின்றால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். காலை ஒன்பது மணிக்கு எதிரே கேத்தரின் அருவி ஒரு வெள்ளைக் கோடாகத் தெளிவாகத் தெரியும். மதியம் அதே இடத்தில் கீழேயிருந்து புகை மாதிரி ஏறிவரும் மேகம் அருவி, தேயிலைத் தோட்டம், கம்பிவேலி என்று ஒவ்வொன்றாக விழுங்கும். அப்போதுதான் வந்து சேர்ந்தவர்கள் வெள்ளைச் சுவரைப் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்புவார்கள். அதனால் காட்சிமுனைகள் எல்லாம் காலையில். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கூரையுள்ள இடம்: தேயிலைத் தொழிற்சாலை, கடைத்தெரு, அல்லது அறையில் ஒரு தூக்கம். மலை ரயிலில் பையனை ஏற்றுவதானால் மேட்டுப்பாளையத்திலிருந்து காலையில் ஏறும் ரயில்தான் என் தேர்வு. மதியம் இறங்கும் ரயில் சரியாக மேக நேரத்தில் மாட்டும்.

இடி கேட்டால் தொட்டபெட்டா மாதிரித் திறந்த உச்சியில் நிற்காதீர்கள். கற்பூர (யூகலிப்டஸ்) மரத்தடியில் காரை நிறுத்தவும் வேண்டாம், கிளை முறியும். மலைப்பாதையில் மூடுபனி என்றால் விளக்கை ஹை பீமில் போடாதீர்கள். வெளிச்சம் உங்கள் கண்ணிலேயே திரும்பி அடிக்கும்.

பயணத்துக்கு ஐந்து நாள் முன்பிருந்து சென்னை வானிலை மையத்தின் மாவட்ட எச்சரிக்கையைப் பாருங்கள், போதும். மஞ்சள் என்றால் கவனம், போகலாம். ஆரஞ்சு என்றால் 24 மணி நேரத்தில் 12 முதல் 20 சென்டிமீட்டர் வரை மழை எதிர்பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மலைப்பாதையில் மண் சரியலாம், ஒரு நாள் தள்ளுங்கள். சிவப்பு என்றால் பேச்சே இல்லை.

மே கடைசி வேண்டாம் என்றது தென்மேற்குப் பருவமழையை நினைத்து. கேரளத்தில் அது தொடங்கும் இயல்பான தேதி ஜூன் 1. ஆனால் 2025-இல் மே 24-லேயே தொடங்கிவிட்டது. நீலகிரிக்குச் சிவப்பு எச்சரிக்கை, சுற்றுலாத் தலங்கள் மூடல், விடுதிக்குள் முடங்கிய குடும்பங்கள். அது கோடை மழை மாதிரி மாலையில் வந்து போகிற விருந்தாளி இல்லை, நாள்கணக்கில் தங்கும்.

அறை பிடிக்கும்போது பள்ளத்தில் பிடிக்காதீர்கள். இரவில் குளிர்காற்று சரிவிலிருந்து வழிந்து தாழ்ந்த இடத்தில்தான் தேங்கும். டிசம்பரில் ஊட்டி பக்கத்துத் தலைகுந்தா உறைபனியில் வெளுப்பதும் இப்படித்தான். மே மாத இரவிலும் ஊட்டியில் 12 டிகிரியை ஒட்டி இறங்கும். அம்மாவுக்குக் காதை மூடும் குல்லா, பையனுக்கு ஒரு ஸ்வெட்டர், மழை கோட்டு. குளிர்தானே என்று காலை வெயிலில் தொப்பியில்லாமல் விடாதீர்கள். உயரம் கூடக்கூடப் புற ஊதாக் கதிர் கூடும், பையனின் கன்னம் கன்றிவிடும். நீலகிரிக்குள் வண்டி நுழைவதற்கான இ-பாஸை இப்போதே எடுத்துவிடுங்கள். 2025 சீசனில் நீலகிரிக்கு வார நாளில் 6000 வாகனம், வார இறுதியில் 8000 என்று நீதிமன்றம் வரம்பு வைத்தது, கடைசி நேரத்தில் கிடைக்காமல் போகலாம்.