பற்று நோட்டிலிருந்து டேலி வரை: காமர்ஸ் டீச்சரிடம் சில கேள்விகள்

அரசு மேல்நிலைப் பள்ளிகளில் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வணிகவியலும் கணக்குப்பதிவியலும் சொல்லிக்கொடுத்து 23 வருடம் ஆகிறது. நடுவில் சில வருடம் தொழிற்கல்விப் பிரிவின் 'அலுவலக மேலாண்மையும் செயலியலும்' பாடத்தையும் பார்த்துக்கொண்டேன். ஆசிரியர்கள், பெற்றோர், பிள்ளைகள் என்று பலர் கேள்வி அனுப்பியிருந்தீர்கள். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

ஈரோட்டிலிருந்து ஓர் ஆசிரியை: இந்த வருடம்தான் வேலைக்குச் சேர்ந்தேன் மேடம். தமிழ் வழி வகுப்பு. பற்று, வரவு பிள்ளைகளுக்குப் பிடிபடவே இல்லை. எங்கே ஆரம்பிப்பது?

முதல் வாரம் புத்தகத்தைத் திறக்காதீர்கள். பக்கத்து மளிகைக் கடையில் ஒரு பழைய பற்று நோட்டை வாங்கி வாருங்கள். பெயர் இருக்கும் இடத்தில் காகிதம் ஒட்டி மறைத்துவிடுங்கள்.

இங்கே குழப்புவது சொற்கள்தான், பிள்ளைகள் மந்தமில்லை. வீட்டில் வரவு என்றால் கைக்கு வரும் காசு. நாமோ வகுப்புக்குள் போய், பணம் வந்தால் ரொக்கக் கணக்கில் பற்று எழுது என்கிறோம். பதினைந்து வருடம் கேட்டு வளர்ந்த சொல்லை நாற்பது நிமிடத்தில் தலைகீழாக்கினால் யாருக்குத்தான் புரியும்? ஆங்கில வழிப் பிள்ளைக்கு டெபிட், கிரெடிட் இரண்டுமே புதிது. மனப்பாடம் செய்துவிட்டுப் போய்விடும்.

இப்போது அந்த நோட்டைப் பாருங்கள். நம் வீட்டுப் பெயரில் ஒரு பக்கம். ஒரு கிலோ துவரம்பருப்பு வாங்கினால் கடைக்காரர் அதைப் பற்று என்று எழுதுகிறார். சம்பளத் தேதியில் 500 ரூபாய் கொடுத்தால் வரவு வைக்கிறார். வாங்கிக்கொண்டவர் பக்கத்தில் பற்று, கொடுத்தவர் பக்கத்தில் வரவு. பாடநூலில் 'பெறுபவரைப் பற்று வை, கொடுப்பவரை வரவு வை' என்று இருப்பது அந்த அண்ணாச்சி தினமும் செய்கிற வேலைதான். பிறகு கல்லாப்பெட்டியையும் ஓர் ஆளாக நினைக்கச் சொல்லுங்கள். காசு உள்ளே விழுந்தால் பெட்டி வாங்கிக்கொண்டது, அதனால் பெட்டிக்குப் பற்று. இதைச் சொன்னதும் பின் பெஞ்சிலிருந்து "அட, அவ்வளவுதானா" என்று ஒரு குரல் வரும்.

இரண்டொரு நாளில் ஒரு கெட்டிக்காரப் பிள்ளை எழுந்து, "டீச்சர், பாங்கில் நான் பணம் போட்டால் பாஸ்புக்கில் வரவு என்றுதானே வருகிறது?" என்று கேட்கும். அந்தக் கேள்விக்காகத்தான் நான் காத்திருப்பேன். அது யாருடைய புத்தகம்? பாங்கின் புத்தகம். அவர்கள் கணக்குப்படி கொடுத்தவர் நாம். நம் ஏட்டில் அதே பணம் பாங்கின் பெயரில் பற்றாக நிற்கும். ஒரே நடவடிக்கையை இரண்டு வீட்டு ஜன்னலிலிருந்து பார்க்கிறோம். இது விளங்கிய பிள்ளைக்கு, நம் ஏட்டையும் பாஸ்புக்கையும் ஒப்பிட்டு வித்தியாசத்தைச் சரிசெய்யும் 'வங்கிச் சரிக்கட்டும் பட்டியல்' பயமுறுத்தாது.

இந்த இரட்டைப் பதிவுக் கணக்கு முறை பற்றிப் புத்தகம் எழுதிய லூக்கா பச்சோலி, 1494, வெனிஸ் எல்லாம் இரண்டாம் வாரத்துக்கு. அவரே வெனிஸ் வணிகர்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருந்ததைத்தான் எழுதி அச்சில் ஏற்றினார். இத்தாலியிலிருந்து ஆரம்பித்தால் முதல் நாளே பாதி வகுப்பு தூங்கிவிடும். அனுபவத்தில் சொல்கிறேன்.

பிளஸ் டூ மாணவன்: ஸ்கூல் முடிந்ததும் வெளியே டேலி கோர்ஸ் சேரச் சொல்கிறார்கள். சேரலாமா மேடம்?

தம்பி, டேலி என்பது கணக்கு எழுதும் மென்பொருள், உன் பிளஸ் டூ கணக்குப்பதிவியல் புத்தகத்திலேயே அதற்கு ஓர் அத்தியாயம் இருக்கிறது. பரீட்சைக்கு வேண்டியதை மட்டும் படித்துவிட்டு எல்லோரும் தாண்டிப்போகிற அத்தியாயம். முதலில் அதை உட்கார்ந்து செய்து பார். டேலியை எஜுகேஷனல் மோடில் காசில்லாமல் ஓட்டலாம். மாதத்தில் 1, 2, 31 ஆகிய தேதிகளுக்கு மட்டுமே பதிவு ஏற்கும், அவ்வளவுதான் தடை. கற்றுக்கொள்ள அதுவே தாராளம்.

பற்று எது, வரவு எது என்று உனக்கே தெரியாவிட்டால் டேலி சொல்லித்தராது. தப்பான கணக்கில் போட்டாலும் இரண்டு பக்கமும் சமமாகக் காட்டிவிட்டு நிற்கும். இருபது குறிப்பேட்டுப் பதிவுகளைக் கையால் தப்பில்லாமல் எழுத வந்த பிறகும் கோர்ஸ் வேண்டும் என்று தோன்றினால் சேர்ந்துகொள்.

தஞ்சாவூர் ஆசிரியர்: லேப் இருக்கிறது, கம்ப்யூட்டர் இருக்கிறது. பிள்ளைகளுக்கோ போன் மட்டும்தான் தெரியும். மவுஸ் பிடிக்கவே தடுமாறுகிறார்கள். எதில் தொடங்குவது சார்களே?

சார் இல்லை, மேடம். பரவாயில்லை.

கோப்பை எங்கே வைத்தோம் என்பதில் தொடங்குங்கள். போனில் எல்லாமே கேலரியில் தானாகப் போய் உட்கார்ந்துவிடும். ஃபோல்டர் என்ற எண்ணமே இந்தப் பிள்ளைகளுக்குக் கிடையாது. என் வகுப்பில் ஒரு முறை நாற்பது பேரும் 'புதியது' என்ற பெயரிலேயே சேமித்துவிட்டு மறுநாள் யாருடையது எது என்று சண்டை போட்டார்கள். வகுப்பு, பெயர், தேதி என்று பெயரிட வைக்க எனக்கு ஒரு மாதம் பிடித்தது. எந்த அலுவலகத்துக்குப் போனாலும் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.

அடுத்தது எக்செல். அது இல்லாவிட்டால் லிப்ரே ஆபீஸ் கால்க், காசு கேட்காது. மதிப்பெண் பட்டியல் போடச் சொல்லாதீர்கள், அது ஆசிரியருடைய வேலை, பிள்ளைக்கு அதில் அக்கறை இல்லை. அவரவர் வீட்டு மின் கட்டணத்தைப் போடச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்குக் குறிப்பிட்ட அளவு யூனிட் இலவசம், அதன் பிறகு படிப்படியாக விலை. மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் நடுவில் இருக்கும் யூனிட்டுகளின் விலையும் சேர்ந்து ஏறும். அப்போதைய விலைப் பட்டியலைப் பலகையில் எழுதிவிட்டு, 500 யூனிட்டுக்கு எவ்வளவு, 501க்கு எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள். 'இஃப்' சூத்திரம் இல்லாமல் பதில் வராது. அந்த ஒரு யூனிட்டுக்கு எத்தனை ரூபாய் எகிறுகிறது என்று பார்த்த பிள்ளை வீட்டுக்குப் போய் ஃபேனை அணைக்கும். ஒரு அம்மா என்னைப் பள்ளி வாசலில் பிடித்து, "எம்பொண்ணு மீட்டர் பாக்கவே தினம் ஏணி போடுறா, என்னதான் சொல்லிக்கொடுக்குறீங்க?" என்றார்.

விருதுநகர் வாசகி: டைப்ரைட்டிங் இன்னும் தேவையா? என் பெண் சிரிக்கிறாள்.

டைப்பிஸ்ட் வேலைக்கு டிஎன்பிஎஸ்சி எழுதுவதாக இருந்தால் தேவை. தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் தேர்வில் லோயர் என்பது நிமிடத்துக்கு 30 சொல், ஹையர் 45. அரசு வேலையே வேண்டாம் என்றாலும் பத்து விரலும் கீயைப் பார்க்காமல் ஓடப் பழகுவது வீண்போகாது. தமிழில் அடிக்கத் தமிழ்99 விசைப்பலகை முறையைக் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஒரே மாதிரி தெரியும் ஒருங்குறியை (யூனிகோடு) அரசு 2010இல் ஏற்றாயிற்று. அப்படியும் வேறு எழுத்துருவில் அடித்து அனுப்பி, எதிர்ப்பக்கம் கட்டம் கட்டமாகத் தெரியும் கடிதங்கள் எனக்கு இன்னமும் வருகின்றன.

ஒரு அம்மா: மகள் 460 மார்க் எடுத்துவிட்டு காமர்ஸ்தான் வேண்டும் என்கிறாள். "நல்ல மார்க் எடுத்தவள் ஏன் அங்கே போகணும்" என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள்.

அந்தச் சொந்தக்காரர்கள் வருமான வரி தாக்கல் செய்ய யாரிடம் போகிறார்கள் என்று கேளுங்கள் அம்மா.

கோவை, சிறுதொழில் நடத்துபவர்: பிளஸ் டூ முடித்த பிள்ளைகளை வேலைக்கு எடுக்கிறேன். கணக்கு தெரிகிறது. போனை எடுத்துப் பேசத் தெரியவில்லை, ஒரு மெயில் எழுதத் தெரியவில்லை. ஸ்கூலில் இதைச் சொல்லித்தருவதில்லையா?

வலிக்கிற கேள்வி, நியாயமான கேள்வி. கடிதம் எழுதுவது பாடத்தில் இருக்கிறது. விசாரணைக் கடிதம், ஆணைக் கடிதம், புகார்க் கடிதம் என்று மதிப்பெண்ணுக்கு எழுதுகிறார்கள். அதை வாங்கிப் பதில் போட எதிரே யாரும் இல்லை, அதுதான் குறை.

நான் செய்வது இது. பிளஸ் ஒன் தொடக்கத்திலேயே விடுப்புக் கடிதத்தை மெயிலில்தான் அனுப்ப வேண்டும் என்பேன். முதல் வாரம் மெயிலின் 'சப்ஜெக்ட்' வரி காலியாக வரும், இணைத்திருப்பதாகச் சொன்ன கோப்பு இருக்காது. முகவரிகளைப் பார்த்தால் 'தல வெறியன்', 'ராக்கெட் ராணி'. அவற்றுக்கெல்லாம் நானும் அலுவலகம்போலவே பதில் போடுவேன்: "தங்கள் மெயில் கிடைத்தது. எந்தத் தேதிக்கு விடுப்பு என்று குறிப்பிடவில்லை." மூன்றாவது தடவை திருத்தமாக வந்துவிடும். திட்டவே வேண்டியதில்லை.

போனுக்கு வகுப்பையே இரண்டாகப் பிரித்து ஒருவர் வாடிக்கையாளர், ஒருவர் அலுவலகம் என்று பேச வைப்பேன். ரொம்ப நாள் பிடிக்கும் விஷயம் ஒன்று உண்டு. தெரியாததைக் கேட்டால் பிள்ளைகள் ஒன்று வாயடைத்து நிற்பார்கள், இல்லை ஏதோ ஒன்றை அடித்துவிடுவார்கள். "கேட்டுவிட்டு நாலு மணிக்குள் நானே கூப்பிடுகிறேன்" என்று சொல்லவும், சொன்னபடி கூப்பிடவும் பழக வேண்டும். ஆங்கிலம் வராததால்தான் தங்களுக்குப் பேச வரவில்லை என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தமிழிலும் இதைப் பழகியிருக்கவில்லை என்பதுதான் உண்மை.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது சார். புதிதாக வரும் பிள்ளையை முதல் நாளே போன் முன்னால் தனியாக உட்கார வைக்காதீர்கள். ஒரு வாரம் பக்கத்தில் இருந்து கேட்கட்டும்.

தலைமையாசிரியர் ஒருவர்: பள்ளியில் பிள்ளைகள் ஒரு நாள் கடை போட அனுமதி கேட்கிறார்கள். பணம் புழங்குமே என்று தயக்கம்.

பணம் புழங்கட்டும் ஐயா, அதுதான் பாடமே. தொகையைச் சின்னதாக வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பிள்ளைகள் ஐந்து பேர் சுண்டல் கடை போட்ட கணக்கு இது. கடலை, தேங்காய், மாங்காய், கப் எல்லாம் சேர்த்து 600 ரூபாய். 100 கப், கப் 10 ரூபாய். 1,000 ரூபாய் வரும், 400 லாபம் என்று காலையிலேயே பலகையில் எழுதிவிட்டார்கள். சாயங்காலம் கையில் 880தான் இருந்தது. 12 கப்பை நண்பர்கள் "நாளைக்குத் தர்றேன்" என்று தின்றுவிட்டார்கள். நாளைக்கு யாரும் தரவில்லை. அந்த வருடம் வாராக்கடன் அத்தியாயத்துக்கு நான் வாயே திறக்கவில்லை.

மிச்சம் 280. ஐந்து பேர், ஆளுக்கு மூன்று மணி நேரம், மொத்தம் 15 மணி. மணிக்கு 19 ரூபாய்கூட இல்லை. "கடலையை வேக வைத்தது யார்?" என்று கேட்டேன். ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டு, "அம்மா, டீச்சர்" என்றாள். கேஸும் அந்த வீட்டுடையதுதான். அதையும் போட்டால் லாபம் இருக்குமா என்பதை அவர்களே விவாதித்தார்கள், மணி அடித்த பிறகும்.

ஒரே நிபந்தனை வையுங்கள். பணத்தைத் தொடுகிறவர் ஏடு எழுதக் கூடாது, ஏடு எழுதுகிறவர் பணத்தைத் தொடக் கூடாது. அப்புறம் உங்கள் தயக்கத்துக்கு வேலை இருக்காது.

திருச்சி வாசகர்: என் பையனுக்கு 16 வயது. கோடை விடுமுறையில் ஆடிட்டர் ஆபீஸில் விடலாமா? சட்டச் சிக்கல் வருமா?

14 வயதுக்கு மேல் 18க்குள் இருப்பவர்களை ஆபத்தான தொழில்களில் வைக்கக் கூடாது என்பதே 2016 திருத்தத்துக்குப் பிறகான சட்டம். ஆடிட்டர் அலுவலகம் அதில் வராது. ஆனால் நேரக் கட்டுப்பாடு இருக்கிறது. இடைவேளையும் சேர்த்து நாளுக்கு 6 மணி நேரத்துக்கு மேல் கூடாது, இரவு 7 முதல் காலை 8 வரை கூடவே கூடாது. டீ வாங்கவும் ஜெராக்ஸ் எடுக்கவும் மட்டும் வைத்துக்கொள்வார்களா, பில்களைத் தேதிவாரியாக அடுக்கவாவது விடுவார்களா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். அடுக்குவது நல்ல வேலை, அதைக் குறைவாக நினைக்க வேண்டாம்.

பல ஆசிரியர்கள்: புத்தகத்தில் இருக்கும் ஜிஎஸ்டி விகிதம் பழசாகிவிட்டதே?

ஆகத்தான் செய்யும். 2017 ஜூலை 1இல் வந்த வரி, 2025 செப்டம்பர் 22இல் பெரிதாக மாறிவிட்டது. 12, 28 சதவீதப் படிகளில் இருந்த பெரும்பாலான பொருட்கள் 5க்கும் 18க்கும் நகர்ந்துவிட்டன. விகிதத்தை மனப்பாடம் செய்ய வைப்பதை விட்டுவிட்டு, வீட்டில் கிடக்கும் பில்களைக் கொண்டுவரச் சொல்லுங்கள். கடையின் ஜிஎஸ்டி எண் 15 இலக்கம், தமிழ்நாடு என்றால் 33இல் தொடங்கும். அந்த எண்ணே இல்லாமல் ஜிஎஸ்டி வசூலித்த பில்லை ஒரு பையன் கண்டுபிடித்து வந்தான். கடை அவன் மாமாவுடையது. மேற்கொண்டு நான் கேட்கவில்லை.

சென்னை வாசகி: யுபிஐ பற்றிப் பிள்ளைகளுக்கு என்ன சொல்லித்தரலாம்?

பணம் வாங்க பின் நம்பர் தேவையில்லை. கேட்டால் அது மோசடி. பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930ஐ அழைக்க வேண்டும். இந்த இரண்டையும் வகுப்புச் சுவரில் எழுதி வைத்திருக்கிறேன்.

பிளஸ் ஒன் மாணவி: அப்பா டீக்கடை வைத்திருக்கிறார் டீச்சர். நல்லாத்தான் ஓடுது, ஆனா கையில காசே நிக்கலைன்னு சொல்றார். நான் கணக்கு எழுதித்தரவா? எப்படி ஆரம்பிக்கணும்?

எழுதிக் கொடும்மா. ஒரு நீள நோட்டு போதும், கம்ப்யூட்டர் வேண்டாம். காலையில் கல்லாவில் எவ்வளவு இருக்கிறது என்று எண்ணி எழுது. ராத்திரி கடை அடைக்கும்போது மறுபடி எண்ணு. நடுவில் பால், சர்க்கரை, டீத்தூள், கேஸுக்குக் கொடுத்தது தனிக் கட்டம். போனில் வந்த பணம் தனிக் கட்டம். அது கல்லாவில் தெரியாது, அப்பாவுக்கு அதில்தான் பாதிக் கணக்கு விட்டுப்போகும்.

கடைசியாக 'எடுப்பு' என்று ஒரு கட்டம் போடு. புத்தகத்தில் எடுப்புகள் என்று வருமே, அதேதான். வீட்டுச் செலவுக்கு அப்பா கல்லாவிலிருந்து எடுப்பது, உன் பஸ்ஸுக்குக் கொடுப்பது, ராத்திரி வீட்டுக்குக் கொண்டுவரும் பால் பாக்கெட், மிச்சமான வடை, எல்லாம் அதில் வரும். முதல் வாரம் அப்பாவுக்குக் கோபம் வரலாம். நீ கணக்குக் கேட்பதாக நினைப்பார். கேள்வி எதுவும் கேட்காதே, எழுதிக்கொண்டே இரு. முப்பது நாள் ஆனதும் எடுப்பைக் கூட்டி அவரிடம் காட்டு. நோட்டை எனக்கும் கொண்டு வா, பார்க்கிறேன்.